டோரா புக்ல புஜ்ஜிய காணோம்னு அழறா, டிவி கார்ட்டூன் புக் வச்சு படிக்க பழக்கலாமா?

தண்டையார்பேட்டை_அம்மு

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிச்சிட்டு பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

என் பொண்ணுக்கு ஆறு வயசு முடிஞ்சிடுச்சு, ஒன்னாங்கிளாஸ், இங்கிலீஷ் மீடியம். வீட்ல பேசறது முழுக்க தமிழ்தான். 2007ல சுட்டி டிவி வந்தப்ப நான் ஆறாவது படிச்சிட்டு இருந்தேன், அப்புறம் டோராவின் பயணங்கள் வந்ததும் ஸ்கூல் பேக்க கூட கழட்டாம டிவி முன்னாடி உக்காந்துடுவேன். இப்ப அதே டோராவ என் பொண்ணு போன்ல பாக்கறா, குள்ளநரி வந்தா ரெண்டு பேரும் சேந்துதான் கத்துவோம், மாடி வீட்டுக்காரங்களுக்கே தெரியும் இப்ப என்ன ஓடுதுன்னு.

போன மாசம் சென்ட்ரல் பக்கம் பழைய புத்தக கடையில நாலு டோரா புக் கிடைச்சுது, ஒன்னு 50 ரூபா. இவ்ளோ ஆசையா பாக்கறாளே, இத வச்சே படிக்க கத்துக்குவான்னு நெனச்சு வாங்கிட்டு வந்தேன். வர வழியெல்லாம் நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து தொறந்தா முதல் பக்கத்துலயே பிரச்சன. எச் ஓ எல் ஏன்னு ஒரு வார்த்த, ஹோலா ஹோலான்னு எழுத்து கூட்டி படிச்சிட்டு அப்படின்னா என்னம்மான்னு கேக்கறா, எனக்கும் தெரியல. அடுத்த பக்கத்துல குரங்கு படம் போட்டு பூட்ஸ்னு எழுதி இருக்கு. இது புஜ்ஜி, இவங்க தப்பா எழுதிட்டாங்க, பூட்ஸ்னா ஷூ தானன்னு சண்ட. நான் இங்கிலீஷ்ல அவன் பேரு அப்படித்தான்டான்னு சொன்னதுக்கு முகத்த திருப்பிக்கிட்டு அழுதுட்டா. புஜ்ஜி இல்லாத டோரா வேணாமாம்.

சரின்னு விட்டுட்டேன், ரெண்டு நாள் கழிச்சு அவளே எடுத்தா, நான் படிச்சு காட்டினத கேட்டு கேட்டு இப்ப ஒரு புக்க முழுசா ஒப்பிக்கறா. மாமியார் பாத்துட்டு புள்ள இங்கிலீஷ் படிக்குதுன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க. ஆனா எனக்கு தெரியும், அவ படத்த பாத்து சொல்றா. அதே வார்த்தய தனியா பேப்பர்ல எழுதி காட்டினா முழிக்கறா. அதுவும் இல்லாம நாலு புக்குல ஒன்னு மட்டும் பக்கத்துக்கு எட்டு பத்து வரி இருக்கு, அதையும் சின்ன பசங்க புக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

இப்ப என் கேள்வி என்னன்னா, இந்த மாதிரி டிவி தொடர் புக்க வச்சு படிக்க பழக்கறது சரியா வருமா, ஒப்பிக்கறத தடுக்கணுமா விடணுமா, இங்கிலீஷ் முதல்லயா தமிழ் முதல்லயா? தமிழ்ல அ ஆ தெரியும், உயிர்மெய் பாதி தெரியும். என் நாத்தனார் டிவியையே புக்கா அடிச்சு விக்கறான், காச கரியாக்காதன்னு சொல்றாங்க. எனக்கு அப்படி தோணல, ஆனா பதில் சொல்லவும் தெரியல.

பெரம்பூர்_லோகோ_அப்பா

சிஸ்டர், தைரியமா பழக்குங்க. என் பையன் படிக்க ஆரம்பிச்சதே பெப்பா பிக் புக்ல தான். லேடிபேர்ட் கம்பெனி போடற ரீட் இட் யுவர்செல்ஃப் வரிசையில பெப்பா புக் இருக்கு, சின்ன சைஸு, பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரி.

டோராவுக்கும் பெப்பாவுக்கும் ஒரு வித்தியாசத்த நான் கவனிச்சேன். பெப்பா 2004ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச தொடர், ஒரு எபிசோட் அஞ்சு நிமிஷம் தான். அதுக்குள்ள ஒரே ஒரு விஷயம் நடக்கும், சேத்துல குதிக்கறது, பல்லு விழறது, அவ்ளோதான். அத புக்கா போட்டா ஒன்னும் கொறையாம அப்படியே உள்ள உக்காந்துடுது. டோரா எபிசோட் இருவது நிமிஷத்துக்கு மேல, பாட்டு, மேப்பு, நடுவுல நம்மள பாத்து கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு காத்துட்டு இருக்கறது, இத்தனையையும் 24 பக்கத்துலயோ 32 பக்கத்துலயோ திணிக்கணும். அதனால வெட்டி வெட்டி எழுதி இருப்பாங்க, டிவில பாத்த புள்ளைக்கு நடுவுல என்ன ஆச்சுன்னு புரியும், பாக்காத புள்ளைக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. உங்க பொண்ணு பாத்தவ, அவளுக்கு அது பலம் தான்.

என் பையனுக்கு நடந்தத சொல்றேன். மழை பெஞ்சா கணேசபுரம் சப்வே மூடிடுவாங்க, உங்களுக்கே தெரியும். அன்னைக்கு பைக்ல சுத்திட்டு வரும்போது ரோட்டோரம் தேங்கி நின்ன தண்ணிய காட்டி பின்னாடி இருந்து "பட்டில்"னு கத்தினான். அந்த வார்த்தய நான் சொல்லி குடுத்ததே இல்ல, வீட்ல யாரும் பேசினதும் இல்ல, புக்ல இருந்து எடுத்திருக்கான். அன்னைக்கு வண்டிய ஓரமா நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அவன் சொல்ல சொல்ல கேட்டுட்டே நின்னேன்.

எந்த புக்கு சரியா வரும்னு பாக்க அஞ்சு விரல் கணக்கு ஒன்னு இருக்கு. ஏதாவது ஒரு பக்கத்த தொறந்து படிக்க சொல்லுங்க, தெரியாத வார்த்த ஒவ்வொன்னுக்கும் ஒரு விரல மடக்கட்டும். அஞ்சும் மடங்கிடுச்சுன்னா அது அவ படிக்கற புக்கு இல்ல, நீங்க படிச்சு காட்டற புக்கு. உங்க நாலாவது புக்கு அந்த ரகம் தான்னு நெனைக்கறேன்.

கல்மண்டபம்_வாசகன்

மன்னிக்கணும், நான் உங்க நாத்தனார் பக்கம். டிவில பாத்ததையே திரும்ப புக்லயும் குடுத்தா புள்ளைக்கு புதுசா என்ன கிடைக்கும்? முகமும் தெரியும் கதையும் தெரியும், மனசுக்குள்ள படம் ஓட வேண்டிய வேலையே இல்ல. எத்தன டிவி புக்க பொரட்டி பாத்திருக்கேன், "டோரா போனாள், டோரா வந்தாள்"னு உயிரே இல்லாத வரி. அந்த பொம்ம முகத்துக்காக தான் விக்குது, வாக்கியத்துக்காக இல்ல.

நம்ம சென்னையிலயே தூலிகா 1996ல இருந்து பசங்களுக்கு புக் போடறாங்க, ஒரே பக்கத்துல தமிழும் இங்கிலீஷும் சேந்து இருக்கற மாதிரி. படத்துல இருக்கற வீடு நம்ம வீடு மாதிரி இருக்கும், பாட்டி நம்ம பாட்டி மாதிரி இருப்பாங்க. ஜனவரி புத்தக காட்சிக்கு நந்தனம் போறப்ப பசங்க ஸ்டால்ல ஒரு மணி நேரம் உக்கார வைங்க, அவளே எடுப்பா. எனக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டு பேருக்கும் கார்ட்டூன் புக் ஒன்னு கூட வாங்கினது இல்ல, நல்லா படிக்கறாங்க. மனசு கஷ்டப்படணும்னு சொல்லல, ஆறு வயசு திரும்ப வராதுங்கறதுக்காக சொல்றேன்.

வியாசர்பாடி_டீச்சரம்மா

அம்மு, நான் அரசு பள்ளியில ஒன்னு ரெண்டு வகுப்புக்கு பதினாறு வருஷமா பாடம் எடுக்கறேன். முதல்ல ஒப்பிக்கறத பத்தி சொல்லிடறேன், அதான் உன் மனச அரிக்குது. ஒப்பிக்கறது தப்பு இல்லம்மா. எல்லா புள்ளையும் அந்த படிய மிதிச்சு தான் மேல ஏறுது. புக்குன்னா இடமிருந்து வலம் போகணும், பக்கம் திருப்பினா கதை நகரும், அந்த கறுப்பு கோடுங்க தான் பேசுதுன்னு அதுக்கு புரிஞ்சிருக்கு. அங்கயே நின்னுடக்கூடாது, அவ்ளோதான்.

இத செஞ்சு பாரு. அவ ஒப்பிக்கும்போது ஒவ்வொரு வார்த்தைக்கு கீழயும் விரல வைக்க சொல்லு. வாய் வரிய முடிச்சிடும், விரல் ரெண்டு வார்த்த பின்னாடி நிக்கும், அப்ப அவளே நின்னு விரலையும் பாப்பா வாயையும் யோசிப்பா. அந்த ஒரு நிமிஷம் தான் படிப்பு நடக்கற இடம், நீ எதுவும் சொல்லிடாத, கைய கட்டிக்கிட்டு இரு. அது சரியா வந்தப்புறம் படத்த உள்ளங்கையால மறைச்சிட்டு கடைசி வரிய முதல்ல கேளு, நடுவுல ஒரு வார்த்தய கேளு.

தமிழா இங்கிலீஷான்னு கேட்டியே. க எழுத்த எடுத்துக்கோ. கடல்ல ஒரு சத்தம், பகல்ல ஒரு சத்தம், தங்கத்துல ஒரு சத்தம். எழுத்து ஒன்னு தான், ஆனா எந்த புள்ளையும் இதுல தடுமாறி நான் பாத்தது இல்ல, ஏன்னா கடலும் பகலும் தங்கமும் அதுக்கு காதுல ஏற்கெனவே இருக்கு, எழுத்து கூட்டி பக்கத்துல வந்தா போதும், காது சரியான சத்தத்துக்கு தூக்கி விட்டுடும். இங்கிலீஷ்ல அந்த காது உன் பொண்ணுக்கு இன்னும் வளரல. எழுத்து கூட்டினாலும் வந்தது சரியா தப்பான்னு சொல்ல உள்ள ஆள் இல்ல. அதனால தான் அவ ஹோலாவுல மாட்டினா. அது இங்கிலீஷே இல்லம்மா, ஸ்பானிஷ். வணக்கம்னு அர்த்தம், அங்க எச் எழுத்துக்கு சத்தம் கிடையாது, ஓலான்னு சொல்லணும். அமெரிக்காவுல டோரா இங்கிலீஷ்ல பேசி நடு நடுவுல ஸ்பானிஷ் சொல்லி குடுப்பா, நம்ம ஊருக்கு வரும்போது தமிழ்ல பேசி இங்கிலீஷ் சொல்லி குடுத்தா. நீ டிவில பாத்தது ஒரு டோரா, உன் கையில இருக்கற புக்கு வேற டோரா. பொண்ணு கோவப்பட்டது நியாயம் தான். பூட்ஸ் விஷயத்துக்கு மட்டும் அந்த குரங்கு கால காட்டு, சிவப்பா பூட்ஸ் போட்டிருக்கும், அதான் அங்க பேரு.

அதனால தமிழ முன்னாடி விடு, இங்கிலீஷ் பின்னாடி ஓடி வந்து சேந்துக்கும். தமிழ்லயும் கஷ்டம் இருக்கு, மறைக்க மாட்டேன். கொம்பு எழுத்து முன்னாடி நிக்கும், சத்தம் பின்னாடி வரும். கொ எழுதினா ரெண்டு பக்கமும் நிக்குது. டோராங்கற பேர்லயே அந்த தொல்ல இருக்கு, புஜ்ஜிக்கு ஜவும் புள்ளியும். ஆனா ஆசப்பட்ட பேர புள்ளைங்க எழுத்து கூட்டாமயே முகம் மாதிரி அடையாளம் பிடிச்சிடும், அத விட்டுடு. மத்த வார்த்தய மரம், படம், பாலம், வா, போ மாதிரி வச்சுக்கோ.

பள்ளிக்கல்வி துறையோட வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்ன சின்ன புக்கு போட்டிருக்காங்க, எங்க வகுப்புல நுழை புக்குங்க ஓரம் எல்லாம் கிழிஞ்சு தொங்குது, அவ்ளோ கை பட்டிருக்கு. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல தமிழ் கதைங்க இலவசமா இருக்கு, லெவல் 1னா 250 வார்த்தைக்குள்ள முடிஞ்சிடும், போன்லயே படிக்கலாம்.

கல்மண்டபம் தம்பி சொன்ன புக்கெல்லாம் நல்ல புக்கு தான், நானும் வகுப்புல வச்சிருக்கேன். ஆனா தம்பி, வீட்ல புக்கு பாத்து வளந்த புள்ளைங்க உன் புள்ளைங்க. என்கிட்ட வர்றதுல பாதி புள்ளைக்கு புக்குன்னாலே அடி ஞாபகம். அது கைய நீட்டி ஒரு புக்க கேக்குதுன்னா அட்டையில யார் முகம் இருந்தா என்ன? கதைய தெரிஞ்சு வச்சிருக்கறதால தான் எழுத்துல கவனம் வைக்க அதுக்கு தெம்பு மிச்சம் இருக்கு. வாக்கியம் உயிரில்லாம இருக்குன்னு சொன்னதுல ஒத்துக்கறேன், அது கொஞ்சம் வார்த்த வச்சு எழுதறதால வர்ற கொற இல்ல, எழுதறவங்க அக்கற இல்லாம எழுதறதால வர்றது. 1957ல டாக்டர் சூஸ் வெறும் 236 வார்த்தய மட்டும் மாத்தி மாத்தி போட்டு ஒரு பூனை கதை எழுதினாரு, இன்னைக்கும் புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க.

அல்லிக்குளம்_பழைய_புக்

அம்மு அக்கா, நான் சென்ட்ரல் பக்கம் பழைய புக் யாவாரம் தான் பண்றேன், உங்களுக்கு குடுத்தது என் கடையான்னு தெரியாது, எதுவா இருந்தாலும் நாலாவது புக்க சொல்லாம குடுத்தது தப்பு தான். எங்கப்பா மூர் மார்க்கெட்ல இருந்தவரு, 1985ல அது எரிஞ்சப்புறம் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தாங்க, அப்பலேந்து பசங்க புக்கு தான் எங்களுக்கு சோறு.

டிவி புக்குன்னு மொத்தமா சொல்றோம், ஆனா அதுல சாதி சாதியா கீது. ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்க. எட்டுக்கு எட்டு இன்ச், சதுரமா இருந்துதுன்னா அது கதை புக்கு, பெரியவங்க படிச்சு காட்ட சொல்லோ புள்ள பக்கத்துல குந்தி பாக்கறதுக்கு போட்டது, வரி நெறைய இருக்கும். ஆறுக்கு ஒம்போது இன்ச், ஒயரமா ஒல்லியா இருந்தா அதான் புள்ள தானா படிக்கற ரீடர், அட்டையில மேல ஒரு பட்டை போட்டு லெவல் நம்பர் இருக்கும். ரெண்டுலயும் அதே டோரா, அதே படம், அதான் ஏமாந்து போறாங்க. உங்க நாலாவது புக்கு சதுரமா தான் இருக்கும் பாருங்க.

அந்த லெவல் நம்பர வச்சும் கண்ண மூடிக்கிட்டு வாங்காதீங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. டோரா ரீடர் ரெடி டு ரீட்னு சைமன் ஸ்பாட்லைட் போட்டது வரும், பா பட்ரோல் எல்லாம் ஸ்டெப் இன்ட்டு ரீடிங்னு ராண்டம் ஹவுஸ் போட்டது வரும், அதுல அஞ்சு படி. இவங்க லெவல் ரெண்டும் அவங்க லெவல் ரெண்டும் ஒன்னு கெடையாது. சைட்ல நின்னு நடுப்பக்கத்த தொறந்து வரிய எண்ணி பாத்துட்டு வாங்குங்க, எந்த கடைக்காரரும் ஒன்னும் சொல்ல மாட்டாரு, சொன்னா அடுத்த கடைக்கு வாங்க.

பழசு வாங்க சொல்லோ இன்னொன்னு, நடுவுல பின் அடிச்ச எடத்துல விரிச்சு பாருங்க. நடு தாளு ஒன்னு கழண்டு போனா நாலு பக்கம் போச்சு, கதை நடுவுல தான் போகும், வீட்டுக்கு போய் தான் தெரியும். ஸ்டிக்கர் புக்கும் இதே அட்டையோட வரும், ஸ்டிக்கர் எல்லாம் எடுத்துட்டு காலி எடம் மட்டும் இருக்கும், அத கதைன்னு குடுப்பாங்க, வாங்காதீங்க. உள்ள முதல் பக்கத்துல யாரு எழுதினது, எந்த எபிசோட்ல இருந்து எடுத்ததுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், பாப்பா பாத்த எபிசோடான்னு போன்ல தேடி பாத்துட்டு எடுத்தா இன்னும் நல்லது.

ஒன்னு சொல்லணும்னு தோணுது. புள்ளைங்க என் கடைக்கு வந்தா நேரா கார்ட்டூன் கட்டுக்கு தான் ஓடும். பத்து நிமிஷம் அங்க குந்திட்டு, அப்புறம் பக்கத்து கட்டுல கைய வைக்கும். கார்ட்டூன் கட்ட எடுத்துட்டு பாத்தேன் ஒரு வாரம், புள்ளைங்க கடைக்குள்ளயே வரல.

காசிமேடு_தேவி

அம்மு, உன் கதை அப்படியே எங்க வீட்டு கதை, என் பையனுக்கு நான் பண்ணத சொல்றேன், ரொம்ப ஈஸி. பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் வெள்ளையா இருக்குல்ல, அத பட்ட பட்டையா வெட்டி, ஸ்கெட்ச் பேனால தமிழ்ல பெருசா எழுதி, புக்ல இருக்கற இங்கிலீஷ் வரி மேல ஒட்டிடு. முழுசா ஒட்டாத, மேல் ஓரத்துல மட்டும் செல்லோடேப் போடு, அப்ப சீட்ட தூக்கினா கீழ இங்கிலீஷ் இருக்கும். நான் எழுதினது இவ்ளோதான்:

டோரா வா.
புஜ்ஜி வா.
பாலம் எங்க?
இதோ பாலம்!
புஜ்ஜி, மேல ஏறு.

இங்கிலீஷ்ல இருந்தத அப்படியே தமிழ்ல மாத்தல, படத்துல என்ன நடக்குதோ அத நாலு வார்த்தையில எழுதினேன். அவன் முதல் நாளே பாலம்னு படிச்சிட்டான், ஏன்னா டோரா எப்பவும் மூணு எடம் தாண்டி தானே போவா, டிவில மூணு தடவ சொல்ல சொல்ல மனப்பாடம்.

அதுக்கப்புறம் புக்கு தீந்து போச்சுன்னு நாங்களே ஒன்னு பண்ணோம். நாப்பது பக்க நோட்டு, அவன் படம் வரைஞ்சான், நான் வரி எழுதினேன். எங்க வீட்டுல இருந்து டோரா அவங்க தாத்தாவ பாக்க போகணும், தாத்தா போட்டுல இருந்து வந்துட்டாரு. முதல்ல மணிக்கூண்டு, அடுத்து பாலம், அடுத்து கடல். குள்ளநரி நடுவுல வந்து தாத்தாவோட வஞ்சிர மீன தூக்கிட்டு ஓட பாக்குது, இவன் நிறுத்தறான். அந்த நோட்டு இப்ப எங்க மாமனார் கிட்ட தான் இருக்கு, அவருக்கு படிக்க தெரியாது, பேரன படிக்க சொல்லி தினமும் கேக்கறாரு. பையன் மீன்னு எழுதின எடத்துல அவரே விரல வச்சு மீனுன்னு சொல்றாரு இப்ப.

வியாசர்பாடி_டீச்சரம்மா

தேவி, உன் நோட்ட ஒரு நாள் என் வகுப்புக்கு எடுத்துட்டு வர முடியுமா? எங்க புள்ளைங்களும் இதே மாதிரி அவங்க தெருவ வச்சு எழுதட்டும்.

ஒரே ஒரு சின்ன திருத்தம். "எங்க"ன்னு எழுதாம "எங்கே"ன்னு எழுது, "மேல"வ "மேலே"ன்னு எழுது. எங்கேன்னு எழுதினத புள்ள வாயில எங்கன்னு படிச்சா திருத்தாத, அது அர்த்தம் புரிஞ்சு படிக்குதுன்னு கணக்கு. ஆனா கண்ணுக்கு எழுத்து தமிழ் இப்பவே பழகணும், இல்லன்னா மூணாம் வகுப்பு பாடத்துல "சென்றுகொண்டிருந்தாள்"னு பாத்ததும் இது யார் பாஷைன்னு மிரண்டுடும். ராத்திரி நீ கதை படிச்சு காட்டும்போது புக்கு தமிழ அப்படியே படி, அந்த சத்தமும் காதுக்குள்ள போகட்டும்.

தண்டையார்பேட்டை_அம்மு

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பத்து நாள் ஆச்சு, என்ன நடந்துதுன்னு சொல்லிடறேன்.

புக்க அளந்தேன். அல்லிக்குளம் அண்ணா சொன்ன மாதிரியே அந்த நாலாவது சதுரம் தான், அது இப்ப ராத்திரி நான் படிச்சு காட்டற புக்கு. மத்த மூணுல ரெண்டுக்கு சீட்டு ஒட்டிட்டேன். அவளும் கூடவே உக்காந்து செல்லோடேப் வெட்டி வெட்டி குடுத்தா. புஜ்ஜின்னு எழுதினத பாத்ததும் அந்த சீட்ட தடவி குடுத்துட்டு, இப்ப தான் கரெக்டா இருக்குன்னு சொன்னா. ஓலான்னா வணக்கம்னு சொன்னேன், ஆட்டோ தானம்மான்னு கேட்டா, கதைய சொல்லி புரிய வச்சேன்.

விரல் வைக்கறது முதல் ரெண்டு நாள் அவளுக்கு பிடிக்கல. மூணாம் நாள் "இதோ பாலம்"னு வாய் சொல்லிடுச்சு, விரல் இதோலயே நிக்குது. நான் டீச்சர் சொன்ன மாதிரி கைய கட்டிக்கிட்டு இருந்தேன், ரொம்ப கஷ்டமா இருந்துச்சு சும்மா இருக்கறது. விரல எடுத்து முதல்ல இருந்து வச்சா, இ... தோ... பா... பாலம். என்ன நிமிந்து பாக்கவே இல்ல, அடுத்த சீட்டுக்கு போயிட்டா. குள்ளநரியில தான் ள்ள கிட்ட ரொம்ப நேரம் நின்னுச்சு, ரெண்டு ள இருக்கு ஒன்னுக்கு மட்டும் ஏன் பொட்டுன்னு கேட்டா, கேட்டுட்டு அவளே குள்-ள-நரின்னு பிரிச்சு சொன்னா.

கல்மண்டபம் சார், உங்க மேல கோவம் இல்ல. ஜனவரில நந்தனம் கூட்டிட்டு போறேன், நீங்க சொன்ன ரெண்டு பாஷை புக்கும் வாங்கறேன். நாத்தனார் நேத்து வந்தாங்க, இவ புக்க எடுத்துட்டு போய் அவங்க மடியில உக்காந்து படிச்சு காட்டினா, அவங்க ஒன்னும் சொல்லல, இன்னொரு தடவ படின்னு கேட்டாங்க.

டீச்சர், மூணாவது புக்குக்கு நாளைக்கு சீட்டு எழுதணும். அதுல வாமோனோஸ்னு ஒரு ஸ்பானிஷ் வார்த்த அடிக்கடி வருது, நான் வாய்விட்டு படிச்சப்ப அவ அதுல வா இருக்கேன்னு கண்டுபிடிச்சிட்டா, கெளம்பலாம்னு தான் அர்த்தமாமே. அதுக்கு "வா போலாம்"னு எழுதவா, "வா போகலாம்"னு எழுதவா? நடுவுல அந்த க வந்தா அவ நின்னுடுவாளோன்னு பாக்கறேன், சொல்லுங்க.